அமாவாசைக்குள் ஸ்டார்ட் ஆக வேண்டும்

மைசூர் அரண்மனையில் நான் பார்த்தது அதன் வெளிச்சுவரை மட்டும்தான். அதுவும் ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. சுவருக்கு எதிரே சிக்னலில் எங்கள் கார் நின்றுவிட்டது. நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவள் வேறு எதைத்தான் பார்ப்பது?

சாவியைத் திருப்பினேன். "டக்" என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி "டக்". பின்னால் எல்லா வண்டிகளும் ஹார்ன் அடித்தன. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் மெதுவாக நடந்து வந்து, காரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ப் பக்கமும் காதுக்குப் பழகிய கன்னடத்தில் சொன்னார்: "இந்த வண்டிக்கு நான் லைசென்ஸ் கேட்கட்டுமா, பென்ஷன் புத்தகம் கேட்கட்டுமா?"

எங்கள் கார் பழைய பியட். என்னைவிட வயதில் மூத்தது. என் அண்ணன் கார்த்தி வாங்கியது. அந்தியூர்ப் பக்கம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு இதைத்தான் கேட்பார்கள். நான் எட்டாவதோடு நின்று தறிக்குப் போனவள். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்கும் இந்த வண்டியை எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். போன ஐப்பசி மழையில் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

வண்டிக்கு மயில் நீலத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் போன பிறகு நானும் அம்மாவும் அடிக்கக் கொடுத்தோம். கல்யாணப் பெண் மாதிரி வீட்டுக்கு வந்து நின்றது. வந்த நாளிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளிவிட்டால் ஓடும். அணைத்தால் போச்சு. ஓடும்போதும் டேஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். ஊர் மெக்கானிக் புது பேட்டரி போட்டார். அதையும் இரண்டு நாளில் வண்டி குடித்துவிட்டது. "ஓட்டினவன் போன துக்கம் வண்டிக்கும் இருக்கும்" என்றார்கள் பக்கத்து வீட்டில்.

அப்போதுதான் கோபியில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். ஓட்டுவதற்கு இல்லை. ஓட்டல் வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, எஞ்சினை எடுத்துவிட்டு, உள்ளே மண்ணைப் போட்டுச் செவ்வந்திச் செடி வைப்பாராம். அண்ணன் வண்டி பூந்தொட்டி ஆகப் போகிறது. நான் அன்று சாப்பிடவில்லை.

அம்மா கொள்ளுப் புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு வழி சொன்னாள்.

"இங்க பாரு கோமு. வர்ற அமாவாசைக்கு நான் மாதேஸ்வரன் மலைக்கு பஸ்ஸுல வாரேன். நீ வண்டிய ஓட்டிக்கிட்டு அங்க வந்து சேரு. வந்துட்டீன்னா வண்டி நம்மளோடது. வரலீன்னா ஓட்டல்காரருக்குக் குடுத்துப்போடலாம். அப்பறம் பேச்சில்ல."

"மலைக்கு எதுக்கும்மா?"

"சாமி கும்புடத்தான். வேறெதுக்கு?"

அண்ணன் எப்போதும் சொல்வான், இந்த வண்டிக்கு டாக்டர் மைசூரில் மண்டி மொஹல்லாவில்தான் இருக்கிறார் என்று. அவனுடைய போனில் "மஞ்சு மைசூர்" என்று இருந்த நம்பருக்குப் பேசி, அண்ணன் போனதையும் வண்டி நின்றதையும் சொன்னேன். "எப்படியாச்சும் ஓட்டிக்கிட்டு வாம்மா" என்றார். ஊரில் தெருவே சேர்ந்து தள்ளிவிட்டது. வழியில் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை, எஞ்சினை அணைக்கக் கூடாதே. இவ்வளவு தூரம் வந்து, அரண்மனை சிக்னலில் கிளட்சை விட்டுத் தொலைத்தேன்.

சரி, போலீஸ்காரருக்கு வருவோம். கேலி பேசிவிட்டு அவரே முதலில் கையை வைத்தார். கத்தரிக்காய் வண்டிக்காரர் ஒருவர், இரண்டு காலேஜ் பெண்கள், எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கு குலுக்கிப் புகையைக் கக்கிவிட்டு ஓடியது. கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் நடு ரோட்டில் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மண்டி மொஹல்லா சந்தில் மறுபடி நின்றது. பின்னால் ஸ்கூட்டர்கள், ஆட்டோக்கள், ஒரு மாட்டு வண்டி. ஆனால் ஒருத்தரும் திட்டவில்லை. எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். பூண்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் "பேட்டரி" என்றார். பூண்டு விற்றவர் "பிளக்" என்றார். பர்தா போட்ட ஒரு அக்கா ஸ்கூட்டரில் இருந்தபடியே "பெட்ரோல் இருக்கிறதா, முதலில் அதைப் பார்" என்று உருதில் சொன்னதை இன்னொருவர் எனக்குத் தமிழில் சொன்னார். எங்கள் ஊரில் இப்படி நின்றால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று முதலில் வரும். இங்கே அது வரவே இல்லை. எனக்கு அதுவே ஒரு சந்தோஷம்.

பூண்டுக் கடைக்கு அடுத்த கடைதான் மஞ்சு கடை. மஞ்சுநாத் என்று முழுப்பெயர். முப்பது வயது இருக்கும். அப்பா காலத்தில் தர்மபுரியிலிருந்து வந்த குடும்பம், இவர் பிறந்தது மைசூரில். அவர் பேசுகிற தமிழில் பாதி கன்னடம்.

"டென்ஷன் பேடா தங்கச்சி. நான் இருக்கேன் அல்வா? பத்தே நிமிஷம்" என்றார், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே. பேடா என்றால் வேண்டாம், அல்வா என்றால் அல்லவா; இரண்டும் இனிப்பு இல்லை.

மாடியிலிருந்து அவர் மனைவி லதா அக்கா எட்டிப் பார்த்தார். "பத்து நிமிஷம்னு சொல்லிட்டாரா? அப்போ நீ பேக்கை மேல எடுத்துட்டு வா கண்ணு. தலகாணி போடறேன்."

அன்று ராத்திரி அங்கேதான் தங்கினேன். மொத்தத்தில் அமாவாசை வரைக்கும்.

எங்கள் பக்கத்தில் மூத்த ஆம்பளை யாராக இருந்தாலும் வாய்க்கு வாய் "அண்ணா" போட்டுத்தான் பேசுவோம். கண்டக்டர் அண்ணா, பால்கார அண்ணா. கார்த்தி போன பிறகு எனக்கு அந்த வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. மஞ்சுவையும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டேன். அவர் கவனித்தாரா தெரியாது.

மறுநாள் காலை எதிரே இருக்கும் ஓட்டலில் தோசை. மைசூர் மசால் தோசை என்று நம் ஊரில் போடுவது வேறு, இது வேறு. உள்ளே சிவப்புச் சட்னி தடவி, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கிறது. சாம்பாரில் வெல்லம். முதல் வாயில் யாரோ தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது வாயில் மன்னித்துவிட்டேன்.

பரிமாறுகிறவர் எதிரே மஞ்சு கடை வாசலில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது வெள்ளையாக இருந்த கார்தானே?" என்று கன்னடத்தில் கேட்டார். "பெயிண்ட் மாறினால் மூஞ்சி தெரியாமல் போய்விடுமா? எங்கே நாலு தோசை அண்ணன்?"

ஊரில் அண்ணன் இரண்டு இட்லிக்கு மேல் வைத்தால் "போதும்மா, பசியில்ல" என்று எழுந்துவிடுவான். அம்மாவுக்கும் எனக்கும் வேண்டும் என்று. இங்கே வந்து நாலு தோசை தின்றிருக்கிறான், திருடன். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஊரில் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த ஓட்டலில் மட்டும் அவன் நாலு தோசை சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும் என்று தோன்றியது. நானும் இன்னொரு தோசை சொன்னேன்.

மஞ்சு முந்தின நாளே பேட்டரியைக் கழற்றியிருந்தார். தெரு முனையில் பேட்டரிக் கடையில் ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டிருந்தார்கள். சுமை கொடுத்துப் பார்க்கும் மீட்டரை வைத்தார்கள். முள் கீழே இறங்காமல் நின்றது. பேட்டரி நன்றாக இருக்கிறது. கொண்டுவந்து மாட்டினார். "டக்."

"ஆய்த்து, தெரிஞ்சு போச்சு. செல்ஃப் மோட்டார்தான். பத்து நிமிஷம்" என்றார்.

எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடுவது அந்த மோட்டார். அதைக் கழற்றித் தரையில் வைத்து, ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து நேராக வயரைத் தொட்டார். மோட்டார் அறுத்த ஆடு மாதிரி துள்ளியது. அவர் செருப்பு ஒரு பக்கம் போனது. கடைப் பூனை மூன்று கடை தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்தது.

"என்ன ஸ்பீடு பாத்தியா! இது கல்யாண மாப்பிள்ளை" என்றார் மஞ்சு. மாப்பிள்ளையைத் திரும்ப வண்டிக்குள் மாட்டினார். "டக்."

மாடியிலிருந்து லதா அக்கா: "ஏங்க, பத்து நிமிஷம் ஆச்சா?"

"சும்னே இரு!"

அதற்கு அடுத்த நாள் டைனமோ. ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்புவது அதுதான். அதைக் கழற்றி, டிரில்லிங் மிஷினால் சுற்றிவிட்டு, ஒரு பல்பை மாட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. டைனமோவும் நல்லது. அதோடு வரும், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியை, வேறு ஒரு நல்ல வண்டியில் மாட்டிப் பார்த்தார். அதுவும் நல்லது. எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் வண்டிக்குள் வைத்தால், ஒன்றும் நல்லதில்லை.

மஞ்சு பம்பரில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். "எங்க வீடு மாதிரியே இருக்கு தங்கச்சி. எங்கம்மா தனியா நல்லவங்க. லதா தனியா நல்லவ. ஒரே சமையல்கட்டுக்குள்ள விட்டா..."

"கேக்குது, கேக்குது!" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தது.

நான் சிரித்தேன். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஐப்பசிக்குப் பிறகு நான் இப்படிச் சிரிக்கவில்லை. தப்பு செய்தவள் மாதிரி வண்டியைப் பார்த்தேன். வண்டி ஒன்றும் நினைத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு லதா அக்கா ராகி முத்தெ போட்டார். நம் ஊர்க் களிதான், ஆனால் பந்து மாதிரி உருட்டி வைக்கிறார்கள். நான் மென்று தின்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "மெல்லாதே கண்ணு. சாருல முக்கி அப்படியே முழுங்கணும். உங்கண்ணன் வந்தப்பவும் மாடு மாதிரி மென்னுட்டே இருந்தான்." நாங்கள் அண்ணனும் தங்கையும் மைசூரில் மாடு என்று பெயர் எடுத்திருக்கிறோம்.

அமாவாசைக்கு முந்தின நாள் அம்மா போன் பண்ணினாள்.

"நாளைக்கு விடியக்காலம் மொத பஸ்ஸு. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். வண்டி என்னாச்சு?"

"பத்து நிமிசத்துல ஆயிரும்மா."

மஞ்சுவின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. போனை வைத்துவிட்டு மட்கார்டில் சாய்ந்துகொண்டேன். மத்தியானம் ஆகியிருந்தது. மஞ்சு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, அன்று முழுக்க ஒரு "பத்து நிமிஷம்" கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடினால் பானெட்டுக்குள் செவ்வந்தி பூத்திருந்தது.

அப்போதுதான் ஒரு கேமராக்காரர் வந்தார். கூடவே கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடி. பெண் ஆரஞ்சுப் புடவை, மாப்பிள்ளை கூலிங் கிளாஸ். கல்யாணத்துக்கு முன்னால் ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுக்கிறார்களாம். பழைய கார் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்களாம்.

"வண்டி ஓடாதே" என்றேன்.

"ஓட வேண்டாம்மா. ஓடற மாதிரி இருந்தா போதும்" என்றார் கேமராக்காரர்.

ஜோடி உள்ளே ஏறி உட்கார்ந்தது. நானும் மஞ்சுவும் பூண்டுக் கடைக்காரரும் படத்தில் விழாமல் பின்னால் குனிந்து தள்ளினோம். பெண்ணின் முந்தானை காற்றில் பறக்க வேண்டும் என்பதால் லதா அக்கா ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து முறத்தால் விசிறினார். படத்தில் என்னவோ கடற்கரை ரோட்டில் பறக்கிற மாதிரி இருந்தது. நிஜத்தில் நாங்கள் மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டு பூண்டு வாசனையில் செத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வண்டியைக் கடை முன்னால் நிறுத்தி, உருளாமல் இருக்கக் கியரில் போட்டோம். கடைசிப் படம், மாப்பிள்ளை வண்டியை ஸ்டார்ட் செய்கிற மாதிரி. அவருக்கு ஒரே உற்சாகம். ஒரு கையால் சாவியைத் திருப்பினார், இன்னொரு கையால் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சோக் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடக் கொடுக்க இழுப்பது அது. "டக்." "இன்னொரு தடவை சார், முகத்தை இந்தப் பக்கம்." "டக்." "சூப்பர் சார், இன்னொண்ணு." "டக்."

"அய்யோ!" என்று மாப்பிள்ளை கையை உதறினார். "சுடுதுப்பா!"

"எது சுடுது?" என்றேன்.

"இந்தக் கம்பிதான். இழுக்கற கம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"சோக் கம்பி ஏன் சுடணும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். குனிந்து தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். சுண்ட வைத்த பால் பாத்திரம் மாதிரி சுட்டது.

"தங்கச்சி, கரண்ட்டு பேட்டரில இருந்து மோட்டாருக்குப் போனா மட்டும் போதாது. திரும்பி பேட்டரிக்கு வரணும். எஞ்சின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, பாடில ஒட்டாது. அதுக்குத்தான் எஞ்சினையும் பாடியையும் சேத்து ஒரு செம்புப் பட்டை போட்டிருப்பாங்க. அது மெயின் ரோடு. இப்போ அந்த மெயின் ரோட்டை யாரோ அடைச்சிட்டாங்க. அதான் கரண்ட்டு எல்லாம் இந்தச் சோக் கம்பிச் சந்துல புகுந்து வருது." தெருவைக் காட்டினார். "நம்ம மண்டி மொஹல்லா மாதிரி. மெயின் ரோட்டுல ஊர்வலம் வந்தா எல்லா ஆட்டோவும் இந்தச் சந்துலதானே வருது? சந்து சூடாகாம என்ன ஆகும்?"

"சார்ஜ் ஏறாததும் அதனாலதானுங்களா?"

"அதேதான். டைனமோவும் அதே ரோட்டுலதான் போகணும்."

உள்ளே ஓடி ஒரு தடித்த கேபிளை எடுத்துவந்தார். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வினார். மறு முனையை நேராக எஞ்சின் மேல் கவ்வினார். "சாவியத் திருப்புங்க சார்!"

மாப்பிள்ளை திருப்பினார். கியரில் இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

வண்டி கத்திக்கொண்டு ஒரே தாவலாகத் தாவி, பூண்டு மூட்டைகளில் போய் முட்டி நின்றது. மேல் மூட்டை அவிழ்ந்து பூண்டு சந்து முழுக்க உருண்டது. கல்யாணப் பெண் வீல் என்று கத்தினாள். பூண்டுக் கடைக்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார், ஆனால் சிரித்தார். கேமராக்காரர் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா!" என்று கத்தினேன். "ஸ்டார்ட் ஆயிருச்சுங்ணா! மஞ்சண்ணா!"

கத்திய பிறகுதான் என்ன வார்த்தை சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மஞ்சண்ணா காதில் வாங்காத மாதிரி குனிந்து பூண்டு பொறுக்க ஆரம்பித்தார். அதனால் நானும் பொறுக்கினேன்.

பிறகு அவர் டார்ச்சோடு எஞ்சினுக்கு அடியில் தலையை விட்டார். "செம்புப் பட்டை இருக்கு... போல்ட்டும் இருக்கு... அடியில புதுப் பெயிண்ட்டு... நடுவுல என்னவோ மஞ்சளா மாட்டியிருக்கே? லதா, அந்தப் பிளேடு கொடு."

லதா அக்கா பிளேடோடு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் பிளேடைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "ஏய், கைய எடுங்க! அது ஹரகெ. சாமிக்கு வேண்டிக்கிட்டு முடிஞ்ச காசு. வெட்டிக்கிட்டி வெச்சிடாதீங்க!"

மஞ்சள் துணியில் காசு முடிந்து, அந்தத் துணியின் வாலைப் பட்டைக்கும் பாடிக்கும் நடுவில் நாலாக மடித்து வைத்து, மேலே போல்ட்டை முறுக்கியிருந்தது. பட்டை இரும்பைத் தொடவே இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

"அம்மா, எஞ்சினுக்குள்ள ஒரு மஞ்சத்துணி..."

அம்மா அவசரமாகக் கேட்டாள். "எவனாச்சும் கத்தரிச்சுப்போட்டானா?"

"இல்ல. யாரும்மா கட்டினது?"

"நாந்தான். வேற யாரு? மொதல்ல சும்மா பட்டையில சுத்தித்தான் கட்டியிருந்தேன். பெயிண்ட் அடிச்சவரு அவுத்து என்ற கையில குடுத்தாரு. அதே எடத்துல இருக்கட்டும்னு உங்கண்ணன் ஸ்பேனர எடுத்து, போல்ட்டக் கழட்டி, உள்ள வெச்சு இறுக்கிப்போட்டேன். வழியில விழுந்துரக் கூடாதில்ல?"

"அதனாலதாம்மா இத்தன நாளும் வண்டி ஸ்டார்ட் ஆகல!"

"சாமி காசு வண்டிய நிறுத்துமா?"

"காசு நிறுத்தலம்மா. துணி நிறுத்திருச்சு."

மஞ்சண்ணா குறுக்கே பேசினார். "அம்மா, நீங்க டைட் பண்ண போல்ட்டு ஒரு கையால கழட்ட வரலை. ரெண்டு கை போட்டாத்தான் அசையுது."

"என்ற பையன் சொல்லிக்குடுத்தது சாமி" என்றாள் அம்மா. குரல் கொஞ்சம் பெருமையாக இருந்தது. "கை காலக் கழுவிட்டு அவுத்து, சுத்தமான துணியில வெச்சு மலைக்குக் கொண்டா கோமு."

மஞ்சண்ணா சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படிக் கழுவிப் பார்த்ததில்லை என்றார் லதா அக்கா. முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு போல்ட் இருந்த இடத்தில் மட்டும் மயில் நீலத்தைச் சுரண்டினார். எனக்குச் சுரண்டச் சுரண்ட வலித்தது. உள்ளே வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. பட்டையை அதில் பதித்து முறுக்கினார். கேபிள் இல்லாமல் நான் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. வேகம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு அணைந்தது. அது அணைவதை நான் மாதக்கணக்கில் பார்க்கவில்லை. மஞ்சண்ணா மீட்டரைப் பேட்டரியில் வைத்தார். "பதினாலு வோல்ட். ஃபர்ஸ்ட் கிளாஸ். நான் சொன்னேன் அல்வா, பத்து நிமிஷ வேலைன்னு!"

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். லதா அக்கா புளிசாதம் கட்டிக்கொடுத்தார். தோசை பரிமாறியவர் ஓட்டல் வாசலில் நின்று, நாலு தோசை அண்ணனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

வழியெல்லாம் நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தேவையே இல்லாமல் நிறுத்தினேன். டீ குடிக்க நிறுத்தினேன். கரும்புச்சாறு குடிக்க நிறுத்தினேன். கால்வாயில் வாத்து நீந்துவதைப் பார்க்க நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் எஞ்சினை அணைத்துவிட்டு, சும்மா சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர் என்று எடுக்கும். சந்தோஷம். கொள்ளேகால் தாண்டியதும் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஹனூரில் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார்: "ஏனம்மிணி, வண்டி ரிப்பேருங்களா? ஏறுனா எறங்கறீங்கொ, அணைச்சா ஸ்டார்ட் பண்ணறீங்கொ?"

"இல்லீங்ணா. நல்லா இருக்குதுங். அதனாலதானுங்."

மலை மேல் அமாவாசைக் கூட்டம். அம்மா பஸ் நிற்கும் இடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்குகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பஸ்ஸில்தான் வருவேன் என்று முடிவு செய்துவிட்டாள். பின்னால் போய் ஹார்ன் அடித்தேன். எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் பானெட்டில் கை வைத்தாள்.

"சூடா இருக்குது" என்றாள்.

"ஓடியில்ல வந்திருக்குது."

தலையைத் திருப்பி மூக்கைச் சிந்தினாள். மஞ்சள் முடிச்சைக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோயில் வரிசையில் நிற்கும்போதுதான் கேட்டேன்.

"என்னம்மா வேண்டிக்கிட்ட?"

"அவன் வண்டி வாங்கின அன்னைக்கு முடிஞ்சது. இந்த வண்டியால எம்பையனுக்கு ஒரு கீறல் விழுகக் கூடாது, விழாம வெச்சிருந்தா உன்ற மலைக்கு அந்த வண்டியிலயே காசக் கொண்டாந்து சேத்தறேன்னு." வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தாள். "விழுகல. ஒரு கீறல் விழுகல. காச்சல்லதான போனான். சாமி சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு கண்ணு. நாந்தான் சுருக்கமாக் கேட்டுப்போட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் முடிச்சு இருந்தது.

காசை உண்டியலில் போட்டாள். அதற்குப் பிறகு சன்னதி முன்னால் போய் நின்றவள் நகரவில்லை. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பின்னால் ஒருவர் கன்னடத்தில் "ஓய், சாமி எல்லோருக்கும்தான்" என்றார். இன்னொரு அம்மா, "ஏனுங்கொ, நகருங்க, குழந்தை அழுகுது" என்றார். பூசாரியும் கையைக் காட்டினார்.

"இருங்க சாமி, இன்னும் முடியல" என்றாள் அம்மா.

காதைக் கொடுத்துக் கேட்டேன். என் பெயரைச் சொல்லி ஆரம்பித்து, கொசு, கார், பஸ்ஸு, லாரி, காச்சல், வாந்திபேதி, பாம்பு, பூரான், கரண்ட்டு, கிணறு, தறியில் சேலை மாட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசையில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது. அவள் ஒன்றையும் விடவில்லை.

வெளியே வந்து புதுசாக ஒரு மஞ்சள் துணி வாங்கிக் காசு முடிந்தாள். எங்கே கட்டுவது என்று எஞ்சின் பக்கம் பார்த்தாள். "போல்ட்டுல மட்டும் வேண்டாந்தாயே" என்று கும்பிட்டேன். உள்கண்ணாடியில் கட்டினாள். ஒரு சாவித் திருப்பில் வண்டி எடுத்தது. வெயில் சாய்ந்திருந்தது. வளைவு ஒவ்வொன்றிலும் முடிச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

பாதி மலை இறங்கியிருப்போம். அம்மா திடீரென்று என் தோளைத் தட்டினாள்.

"கோமு, வண்டிய நிறுத்து. கொசுவச் சொன்னனா?"

"மொதல்ல அதத்தாம்மா சொன்ன."